பிரியந்தி வாசித்த இரத்தம்

அந்த வருடம் பிரியந்திக்கு மூன்று பெருமைகள் வந்து சேர்ந்தன. முதல் செய்தி வந்தபோது அவளுடைய கணவன் நிரஞ்சன் கொட்டகலைக்கு மேலே தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் பாண் வண்டியை நிறுத்தியிருந்தான். ஓட்டோவின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, சுடச்சுடப் பாணும் இனிப்புப் பணிஸும் அடுக்கி, பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவது அவன் தொழில். வியாபார நேரத்தில் பிரியந்தி அழைப்பதே இல்லை. போனில் அவள் பேரைப் பார்த்ததும் மகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவன் அவசரமாகப் பாட்டை நிறுத்தினான்.

"ஏங்க, வண்டி ஓட்டிக்கிட்டா இருக்கீங்க?"

"இல்ல, நிப்பாட்டித்தான் இருக்கேன். சொல்லு."

"எனக்கு விருது குடுக்கிறாங்களாம். விஞ்ஞான ஆராய்ச்சிக்கு. நாடு முழுக்கப் பாத்து ஒருத்தருக்குத்தான் குடுக்கிறது."

"எந்த ஆராய்ச்சிக்கு?"

"வேற எது, அட்டைதான்."

பஸ் பிந்தி வருகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய மூச்சு சீராக இல்லை என்பது அவனுக்குக் கேட்டது. போனை வைத்த பிறகு வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். கையை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளை, மாமா பணிஸ் என்று ஞாபகப்படுத்தியது. அன்றைக்கு அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பணிஸ் தின்றார்கள். யாரிடமும் அவன் காசு வாங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் இன்றைக்கு நல்ல நாள் என்று மட்டும் சொன்னான். இரத்தம் குடிக்கிற அட்டையைப் பிடித்ததற்குப் பெண்சாதிக்கு விருது கிடைத்திருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பிரியந்தி பிறந்தது டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு லயத்தில். அந்த லயத்துக்குப் பிறகு தேயிலை, தேயிலைக்குப் பிறகு காடு. மலையெல்லாம் வெட்டித் தேயிலை போட்ட காலத்தில், சரிவு அதிகம் என்றோ தண்ணீர் ஊற்று என்றோ விட்டுவைத்த ஒரு துண்டுக் காடு அது. அவளுடைய அப்பா செல்லசாமி அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ராக்காயி அந்தக் காட்டோர மலையில் கொழுந்து எடுத்து மகளை வளர்த்தாள்.

மழைக்காலத்தில் அந்த மலையில் அட்டை அதிகம். பெண்கள் காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு, நனையாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். அப்படியும் ராக்காயி அந்தியில் வீட்டுக்கு வரும்போது கால் விரலிடுக்கில் அட்டைகள் தொங்கிக்கொண்டிருக்கும். உப்பைத் தொட்டு அவற்றை எடுத்துவிடுவது பிரியந்தியின் வேலை. அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசியும். அம்மா அதைக் கவனிக்கக்கூட மாட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே பழந்துணியால் துடைத்துவிடுவாள்.

உயர்தர வகுப்புப் படிக்கப் பிரியந்தி ஹட்டனுக்கு வந்து சித்தி வீட்டில் தங்கினாள். பக்கத்து வீடு நிரஞ்சனுடையது. அவன் அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு அப்போதே ஓட்டோ ஓட்டத் தொடங்கியிருந்தான். எல்லோரையும் போல அவளும் டாக்டராகத்தான் ஆசைப்பட்டாள். கொஞ்சப் புள்ளியில் தவறிப்போனது. விஞ்ஞான பீடம் கிடைத்தது. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பும் ஒவ்வொரு முறையும் விடிகாலை ரயிலுக்கு அவளுடைய பெட்டியை ஏற்றிப் போனது நிரஞ்சன்தான். அப்படிப் போன வழியில் ஒருநாள் தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் சரி என்றாள்.

அவள் விரிவுரையாளராக வேலைக்குச் சேர்ந்த வருடம் கல்யாணம் நடந்தது. இவ்வளவு படித்த பெண்ணுக்கு ஓட்டோக்காரன்தானா கிடைத்தான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பிரியந்தி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "நா என்ன படிக்கிறேன்னு அவரு ஒருத்தருதான்மா கேட்டாரு. மத்தவங்க எல்லாம் எவ்வளவு சம்பளம் வரும்னுதான் கேட்டாங்க."

அது உண்மை. நிரஞ்சனுக்குப் புரிகிறதோ இல்லையோ, கேட்பான். அப்படி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அட்டைக் கதை வந்தது. அட்டை ஒரு தடவை வயிறு நிறையக் குடித்தால் மாதக்கணக்கில் பசி தாங்கும் என்றாள். குடித்த இரத்தம் அவ்வளவு காலமும் அதன் வயிற்றுக்குள் கெடாமல் இருக்கும். அதை எடுத்து ஆய்வுகூடத்தில் மரபணுவைப் பார்த்தால் யாருடைய இரத்தம் என்று சொல்லிவிடலாம்.

"யாரோடதுன்னா?"

"மானா, மரையா, பன்னியா, எதுன்னு. நம்ம கண்ணுல படாம ஒளிஞ்சி திரியிற மிருகம் எல்லாம் அட்டைக்குத் தப்பாது. ஒரு காட்டுக்குள்ள என்னென்ன இருக்குன்னு அட்டைகிட்டயே கேட்டுறலாம்."

வேறு தேசங்களில் சிலர் இதைச் செய்திருக்கிறார்கள், நம்முடைய தேயிலை மலைகளுக்கு நடுவே மிஞ்சிக் கிடக்கும் துண்டுக் காடுகளில் செய்து பார்க்க வேண்டும் என்றாள். நிரஞ்சன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்குப் பாம்பென்றால் பயமில்லை, அட்டையென்றால் பயம். ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவன். மழை நாளில் தோட்டத்துப் படியில் கால் வைக்கவே யோசிப்பான்.

இருந்தாலும் முதல் முறை அவளை மேற்பிரிவுக்குக் கூட்டிப் போனது அவன்தான். டவுனில் சரிபுதீன் நானாவின் துணிக்கடையில் தடித்த வெள்ளைத் துணி வாங்கி, முழங்கால் வரைக்கும் வருகிற மாதிரி உறை தைத்துக் காலில் மாட்டிக்கொண்டார்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பிரியந்தி ஈரச் சருகுக்கு நடுவே அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலு பக்கமும் சருகுகள் மெல்ல அசைந்தன. தலையைத் தூக்கி, காற்றில் தடவி, வளைந்து வளைந்து, அட்டைகள் அவளை நோக்கி வந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாக விரலால் எடுத்துச் சின்னக் குப்பிகளில் போட்டாள். நிரஞ்சன் வண்டிக்கு ஓடிவிட்டான்.

அவள் குப்பிகளோடு லயத்துக்கு வந்தபோது ராக்காயி வாயில் கை வைத்தாள். "இதுங்களப் பிச்சி எறிஞ்சி எறிஞ்சித்தான ஒன்னயப் படிக்க வச்சேன். நீ பொறுக்கிக்கிட்டு வர்றியே."

முதல் வருடத்து முடிவு பிரியந்தியை நொறுக்கிப் போட்டது. எடுத்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது மனித இரத்தம். மானும் இல்லை, மரையும் இல்லை. அந்த முடிவை வைத்துக்கொண்டு ஆய்வு நிதி கேட்டுப் போனாள். நேர்முகத்தில் இருந்தவர்களில் ஒருவர், மனித இரத்தம் என்றால் அது வெறும் மாசு, கழித்துவிட வேண்டியது, கழித்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டார். நிதி கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்தாள். மகனுக்குச் சோறு ஊட்டினாள், பாத்திரம் கழுவினாள், மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிரஞ்சன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த மனுச ரத்தம் யாரோடது?"

"அம்மாவோடது," என்றாள் அவள். "அம்மா கூட அந்த மலையில கொழுந்தெடுக்கிற எல்லாரோடதும்."

அதைச் சொன்ன பிறகு அவள் எழுந்து போய் மேசை விளக்கைப் போட்டாள். காலையில் அவன் எழும்பும்போது அவள் மேசை நிறையக் கடதாசி பரப்பி, அந்த மலையின் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். அட்டை அதிக தூரம் போகாது, குடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும் என்று விளக்கினாள். அப்படியென்றால் அம்மாவின் இரத்தம் எங்கே தீர்கிறதோ அங்கேதான் மனிதக் காலடி தீர்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு அப்பால் போக வேண்டும். இவ்வளவு நாளும் விளிம்பிலேயே நின்று தேடிவிட்டு மிருகம் இல்லை என்று அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

கைக்காசு போட்டு, விடுமுறை நாளெல்லாம் அந்தக் காட்டுக்குள் போனாள். இரண்டு மழைக்காலம் போனாள். நிரஞ்சன் பாண் விற்று முடிந்ததும் அவளை ஏற்றிப் போவான், காட்டோரத்தில் வண்டிக்குள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். உள்ளே போகப் போக அட்டைகள் வேறு கதை சொல்லத் தொடங்கின. முதலில் மரை வந்தது. பிறகு காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி. ஒருநாள் சிறுத்தை. அதைக் கேட்டதும் நிரஞ்சனுக்கு முதுகு சில்லிட்டது. வண்டியை நிறுத்தி அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எடுத்த அட்டை அது. அவன் ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் காட்டைப் பார்க்கும்போது வெறும் மரமாக அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த பேரைப் பிரியந்தியாலேயே நம்ப முடியவில்லை. ஒரே ஒரு அட்டையில் தேவாங்கின் இரத்தம் இருந்தது.

உயர்ந்த மலைக்காட்டில் மட்டும் வாழுகிற, அடர்ந்த மயிர் கொண்ட, கைக்குள் அடங்குகிற சின்னத் தேவாங்கு. அபூர்வத்திலும் அபூர்வம். மரக்கிளையை விட்டு இறங்குவது அரிது, பகலில் நடமாடாது. அந்தத் துண்டுக் காட்டில் அது இருப்பதாக யாரும் எழுதிவைத்ததும் இல்லை, சொன்னதும் இல்லை. தவறு நடந்திருக்கும் என்று அவள் திரும்பச் செய்து பார்த்தாள். அதே விடை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினாள், என்ன எதிர்பார்க்கிறாள் என்று சொல்லாமலே. அங்கிருந்தும் அதே விடை வந்தது.

வனஜீவராசிகள் திணைக்களத்து அதிகாரி திஸாநாயக்க அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவர் இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மழை விட்டிருந்த ஒரு மாலையில் அவரும் பிரியந்தியும் கிளம்பினார்கள். பிரியந்தி வண்டிக்குள் இருந்த நிரஞ்சனைப் பார்த்தாள். அவன் கால் உறையை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

காட்டுக்குள் அந்தி சீக்கிரம் இறங்கிவிடும். மரத்தில் எல்லாம் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. மிருகம் மிரளாமல் இருக்கச் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு திஸாநாயக்க முன்னால் போனார். நிரஞ்சனின் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. அவன் அதை எடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அவ்வளவு நிசப்தம். இலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு சத்தமில்லை.

திரும்பிவிடலாம் என்று அதிகாரி சைகை காட்டிய நேரத்தில் பிரியந்தி அவருடைய கையைத் தொட்டாள். மேலே ஒரு கிளையில் இரண்டு நெருப்புத் துண்டுகள் மின்னின. வெளிச்சம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. வட்ட முகம், முகத்தையே நிறைத்த இரண்டு கண்கள், குச்சி மாதிரிக் கையும் காலும், குளிருக்குப் போர்த்தியது போல மயிர். அது ஓடவில்லை. ஒரு கையை எடுத்து, யோசித்து, அடுத்த கொப்பில் வைத்தது. அப்படித் திரும்பியபோதுதான் தெரிந்தது, அதன் வயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. குட்டிக்கும் அதே கண்கள்.

நிரஞ்சனுக்குக் கோயிலில் திரை விலகும்போது வருகிற உணர்வு வந்தது. கை தானாகவே கும்பிடப் போனது. இந்த மலையில் அத்தனை பேர் பிறந்து, கொழுந்தெடுத்து, செத்துப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய தலைக்கு மேலேயே இதுவும் பிறந்து, குட்டி போட்டு, வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் காணவில்லை. ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துக்கொண்டு, இது இங்கே இருக்கிறது என்று சொன்னவள் பக்கத்தில் நிற்கிறாள். இடுப்பில் தினமும் அவன் தைலம் தேய்த்துவிடும் நாரிப்பிடிப்புக்காரி.

"உனஹப்புளுவா," என்றார் திஸாநாயக்க, சிங்களத்தில் அதன் பேரை, மூச்சுக் காற்றாக. பிறகு பிரியந்தியின் பக்கம் திரும்பி, "மிஸ் கிவ்வ எக ஹரி," என்றார். நீங்கள் சொன்னது சரி என்று அர்த்தம். பிரியந்தி அழுதுகொண்டிருந்தாள். படம் எடுக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதிகாரிதான் எடுத்தார்.

இப்படித்தான் விருது வந்தது. அதைக் கொடுக்கும் விழா கொழும்பில். ராக்காயி முதலில் வரமாட்டேன் என்றாள். அந்தப் பெரிய இடத்தில் தனக்கென்ன வேலை என்றாள். நிரஞ்சன் விடவில்லை. அரக்குக் கரை போட்ட சேலையில், வளையல் கையை மடியில் வைத்து, கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, மண்டபத்தின் முன் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். குளிரூட்டியின் குளிர் நுவரெலியாக் குளிரை விட மோசம் என்று மருமகனிடம் முணுமுணுத்தாள்.

பிரியந்தி ஆங்கிலத்தில் பேசினாள். திரையில் காடு வந்தது, அட்டை வந்தது, தேவாங்கு வந்தது. கூட்டத்தில் மெல்லிய சலசலப்பு எழுந்து அடங்கியது. நிரஞ்சனுக்குப் பாதி புரிந்தது, ராக்காயிக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பிரியந்தி கொஞ்சம் நிறுத்தினாள். இதை என் மொழியில் சொல்லிவிட்டுப் பிறகு மற்ற மொழிகளிலும் சொல்கிறேன் என்று அனுமதி கேட்டாள்.

"நான் தேடிப் போனது மிருகங்களை. எனக்கு முதலில் கிடைத்தது என் அம்மாவின் இரத்தம். அதைக் கழித்துவிடச் சொன்னார்கள். என்னால் கழிக்க முடியவில்லை. காடு எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் காட்டியது அந்த இரத்தம். அம்மா இங்கே வந்திருக்கிறார்."

அதையே அவள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். சொல்லி முடித்தபோது கைதட்டல் வரவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம்தான் வந்தது. முதலில் மேடையில் இருந்த முதிய விஞ்ஞானி ஒருவர், பிறகு வரிசை வரிசையாக மண்டபம் முழுவதும் எழுந்தது.

ராக்காயி பதறிப்போய் நிரஞ்சனின் கையைப் பிடித்தாள். "ஏன் தம்பி எல்லாரும் எந்திரிக்கிறாங்க? முடிஞ்சிருச்சா?"

"முடியல அத்தை. ஒங்களப் பாத்துத்தான் எந்திரிக்கிறாங்க."

அவள் நம்பவில்லை. ஆனாலும் இத்தனை பெரிய மனிதர்கள் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்து நின்றாள். அப்போதுதான் கைதட்டத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் ஓய வெகுநேரம் ஆனது.

விருதைத் தொடர்ந்து இரண்டாவது செய்தியாக ஆய்வு நிதி வந்தது, இந்த முறை அவள் கேட்டுப் போகாமலே. டயகமவிலிருந்து இறம்பொடை வரைக்கும் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளையெல்லாம் அட்டைகளைக் கொண்டு அறிந்துவர வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவளிடம் ஒப்படைத்தது. மேற்பிரிவுக்கு மேலேயுள்ள காட்டைச் சுற்றித் திணைக்களம் எல்லைக்கல் நட்டது. இனி அங்கே விறகுக்கென்று யாரும் மரம் வெட்ட முடியாது. ராக்காயிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். விறகுக்கு எங்கே போவது என்று மகளிடமே கேட்டாள். பிரியந்தி தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை லயத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தாள். அது போதவில்லை என்று லயத்தில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வருடம் முடிவதற்குள் மூன்றாவது செய்தியும் வந்தது. விலங்கியல் துறையில் அவளைப் பேராசிரியராக நியமித்திருந்தார்கள்.

பொறுப்பேற்கும் நாளில் நிரஞ்சன்தான் அவளைக் கொண்டுபோய் விட்டான். பாண் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டோவைக் கழுவித் துடைத்து, ஹட்டனிலிருந்து மலை இறங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அவள் துணைவேந்தரைப் பார்த்துவிட்டு வந்து புதிய அறைக்குள் போனாள். அவன் வெளியே வராந்தாவில் நின்றான். கதவில் மூன்று மொழிகளிலும் அவள் பெயர் இருந்தது. சிங்களத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தான், ஆங்கிலத்தில் படித்தான், தமிழில் இரண்டு முறை படித்தான். பேராசிரியர் செல்லசாமி பிரியந்தி. பார்க்காத மாமனாரின் பெயரை அப்படி ஒரு கதவில் பார்த்தபோது அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

கையில் புத்தகங்களோடு ஒரு மாணவி வந்தாள். பார்வைக்கு அவளும் மலையகத்துப் பிள்ளை போலத்தான் இருந்தாள். முதலாம் வருடமாக இருக்க வேண்டும், கதவைத் தட்டப் பயந்துகொண்டு தயங்கி நின்றாள். அவனைப் பார்த்து, "சேர், பேராசிரியர் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் பிரியந்தியை யார் வந்து கேட்டாலும், போனில் கேட்டாலும், உள்ள இருக்கா என்று ஒருமையில்தான் அவன் சொல்லிப் பழக்கம். அந்தச் சொல் இப்போது வாய் வரைக்கும் வந்து நின்றது. உள்ளே அவள் யாரோடோ பேசும் குரல் கேட்டது, அவனுக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றி, நிதானமாக.

"இருக்காங்க," என்றான் நிரஞ்சன். "பயப்படாமப் போங்கம்மா."